கொன்றையேரி மதகுக்குப் போன மந்த வன்தட்டு

மழை தவறாதிருக்க! மதகு உடையாதிருக்க! விளைநெல் குறையாதிருக்க! வெண்குறிஞ்சி நாடாளும் நங்கைமாதேவியார் திருவுளப்படி, திருவோலை எழுதும் ஆதன் பொறையன் வரைவது. அரண்மனைப் பண்டாரத்தில் பொருள் தேர்ந்து வழங்கும் அதிகாரி விழுப்பரையர் கண்டு, நின்றபடியே வாசிக்க.

கொன்றையேரி மதகு காக்கும் நாச்சி, நனைந்த சேலையோடு அவைக்கு வந்து முறையிட்டாள். மேல்மலையில் மழை கொட்ட, எந்த மதகைத் திறப்பதென்று அறிய மடிக்கணினியில் ஏரிப்படத்தைத் திறந்தாளாம். படம் வருமுன் வெள்ளம் வந்துவிட்டது. கீழ்மடைக் குடிகள் கூரையேறி உயிர் பிழைத்தனர். அறுப்புக்கு நின்ற கதிரெல்லாம் சேற்றில் கிடக்கிறது. தாயே, அந்தப் பொட்டி தெறக்கறதுக்குள்ள ஊரே முங்கிப்போச்சே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோது, தேவியார் சினந்தெழுந்து விசாரிக்கச் சொன்னார்.

விசாரித்தால் வெட்கக்கேடு! அரச உறவினருக்கு விரைகுதிரை, கடைநிலை ஊழியருக்குச் சோர்ந்த குதிரை என்னும் பழைய லாய வழக்கத்தைக் கணினிக்கும் பொருத்தினீராமே! கோப்புகளைத் தாங்கி, நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்றுச் சுழன்று விரைந்து எடுத்துத்தரும் வன்தட்டு, தம் புகழ்ப்பாக்களைப் படிப்பதன்றி வேறு வேலையறியாத, தேவியாரின் சிறிய மாமனார் கோளரியாருக்கு. பல்லக்கு பாதிவழி போகுமுன் மின்கலம் தீர்கிறது, மடியும் சுடுகிறது என்று அவரும் புலம்புகிறார்.

நாச்சிக்குக் கொடுத்ததோ ஐயாயிரத்து நானூறு சுற்று. இது போதாதென்று அவள் ஆடியிலேயே கேட்டாளாம். மெல்லச் சுழன்றால் சூடேறாது, மின்கலம் நீடிக்கும் என்று சொல்லி விரட்டினீராம். மெய்தான், பல்லக்கில் போகிறவருக்கு! மதகு வீட்டில் நீர்ச்சக்கரம் இரவுபகல் மின்சாரம் தருகிறதே. அங்கே மின்கலத்தைக் காத்து யாருக்குச் சீர் செய்யப் போகிறீர் என்று தேவியார் கேட்கிறார். வேலையைப் பாராமல் ஆளைப் பார்த்து அளந்தீரே ஐயா!

அவ்வழக்கப்படி நாட்டிலேயே விரைவான தட்டு தம் மேசையில்தான் இருக்கிறது என்றறிந்ததும், தேவியாரின் சினம் தம்மீதும் திரும்பிற்று. உடனே தம் மடிக்கணினியில் ஏரிப்படத்தை ஏற்றுவித்து, நாச்சியின் கையில் தாமே கொடுத்தனுப்பினார். திருமுகங்கள் வாசிக்க அவள் விட்டுச்சென்ற மந்தக் கணினி போதும் என்றார்.

இனி உமக்கான ஆணை. இந்த மழைக்காலம் முழுதும் கீழ்மடையில், மதகுக்கு நேர் கீழேயுள்ள குடிசையில் நீர் குடியிருக்கக் கடவீர். எந்தக் கணினிக்கு எந்தத் தட்டு என்று அங்கிருந்தே தேர்ந்து எழுதும். தேர்வு பிழைத்தால் முதலில் நனைவது உம் பாயாக இருக்கட்டும்.

மீன்கொத்தி முத்திரை வைத்தாயிற்று. மறுமொழி வேண்டா, பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படுக.