உன் அப்பாவின் கிடாரும் இல்லாத முட்டுவலியும்

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை.

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அவருடைய விரல்களைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். இந்த வீட்டில் போன் என் கைக்கு வந்து நாளாகிறது. உன் அப்பா அதைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கிடார் பாடம் பார்க்கிறார். நீ கூப்பிட்டாலும் முதலில் எடுப்பது அவர்தான், நான் பேசினாலும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். சுள்ளிக்கல் சுமா லீவு முடிந்து சனிக்கிழமை உன் ஊருக்கே திரும்புகிறாள், அவள் பெட்டியில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மலையாளம்போல ஓடாது, பரவாயில்லை, மெதுவாகப் படி. பாதியில் நிறுத்திவிடாதே, முக்கியமான சங்கதி கடைசியில்தான் இருக்கிறது.

கிடார் எப்படி வந்தது என்று கேள். எல்லாம் உன்னால்தான். ஓணத்தன்று வீடியோவில் எல்லோரும் பேசினோமே, அப்போது உன் மாமனார் அகஸ்டின் தன் வீட்டில் உட்கார்ந்தபடி கிடார் வாசித்தார். நீ போனை வயிற்றுப் பக்கம் கொண்டுபோய், பிள்ளை உதைக்குது, அப்பாப்பன் வாசிச்சா மட்டும் உதைக்குது என்று, அவர்கள் வீட்டில் தாத்தாவைச் சொல்கிற மாதிரியே சொல்லிச் சிரித்தாய். அந்த மனிதர் பள்ளிக்கூட வயதிலிருந்து சர்ச்சில் வாசிக்கிறவர், அவர் வாசித்தால் பிள்ளை என்ன, நானே காலை ஆட்டுவேன். ஆனால் உன் அப்பாவின் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பாயசம் அப்படியே இருந்தது. மறுநாள் ஜூ டவுனில் தான் காவல் இருக்கிற பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிடாரைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நிற்கிறார். வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த சாமான் அது, கழுத்து வளைந்து கம்பியெல்லாம் எழும்பி நிற்கிறது. இதை எதற்குத் தூக்கி வந்தீர்கள் என்றால், அந்தாளு வாசிச்சாத்தான் பிள்ளைக்குக் காது கேக்குமோ, நம்ம வாசிச்சா கேக்காதோ, எந்தா பெரிய காரியம் என்கிறார். வாழ்நாளெல்லாம் சுக்கு மூட்டை தூக்கின மனிதர். கோவில் பஜனையில் கைதட்டினால்கூட எல்லோரும் தட்டி முடித்த பிறகு இவர் தட்டுவது தனியாகக் கேட்கும். அவருக்குத்தான் கிடார் ஆசை.

போனில் பாடம் சொல்கிற பையன் எதிரே உட்கார்ந்து காட்டுகிறான், எதிரே இருப்பவனின் வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும் என்கிற புத்திகூட இல்லாமல் இவர் கிடாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் மல்லாடினார். பிறகு கடையில் இவர் வாசிப்பதை யாரோ சுற்றுலாக்காரி பார்த்து, நேராகத் திருப்பிப் பிடிக்க வைத்தாளாம். கார்டு என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு கம்பியில் வைத்து ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், அப்போது வலது கையால் மேலும் கீழுமாகத் தட்டினால் ஸ்வரம் எல்லாம் சேர்ந்து வரும். அப்படித்தான் அந்தப் பையனுக்கு வருகிறது. இவருக்கு வருவது வேறு. மாடி வீட்டு ஓமனா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மூக்கம்மா, வீட்டில ஆசாரி வந்திட்டுண்டோ, எங்க கதவும் ஒண்ணு இழைக்கணும் என்று கேட்டாள். மானம் போயிற்று. இவர் ஜி என்கிற கார்டிலிருந்து சி என்கிற கார்டுக்கு விரலை மாற்றி வைப்பதற்குள் நான் ஒரு சட்டி மத்தி கழுவி மசாலா தடவிவிடலாம். வலது கை அதற்காகக் காத்திருக்கவும் செய்யாது, அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போகும், இடது கை பின்னால் ஓடும். இது என்ன பாட்டு என்று கேட்டேன். பாட்டொண்ணும் இல்ல, கார்டுதான் என்றார். அப்படியானால் பிள்ளை எதைக் கேட்டு உதைக்கும் என்றேன், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எனக்கே சொல்கிறார், கேட்டுக்கொள்.

சிரித்துக்கொண்டு விட்டிருக்கலாம், ஆனால் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. கம்பி அறுத்து விரல் நுனியெல்லாம் சிவந்துபோனது. வலி தாங்கவில்லை என்றால் கிடாரைக் கீழே வைப்பார்கள், இல்லையா. பாலையா என்கிற உன் அப்பா ஆயிற்றே, சுக்குக் கோடவுன் மூளையைத் தட்டி எழுப்பினார். சுக்கை வெளுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், அதில் வேலை செய்கிறவர்களின் கை மரம்போல இறுகிவிடும், அது நிஜம்தான், கல்யாணமான புதிதில் அவர் கையை நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே நீற்றுச் சுண்ணாம்பு வாங்கி வந்து கலக்கி, நான் மீன் வாங்கப் போகிற நேரம் பார்த்து விரலை அதில் ஊறப்போட்டிருக்கிறார். ஏற்கெனவே புண்ணான விரல். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். தோல் இறுகவில்லை, வெடித்து, செதில் செதிலாக உரிந்தது. எனக்குத் தெரியாமல் சட்டைப் பையிலேயே கையை வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கையோடுதான், உன் பிரசவத்துக்கு நாங்கள் இருவரும் வருவதற்கான விசாவுக்குக் கைரேகை கொடுக்க எறணாகுளம் வந்தார். போட்டில் போகும்போதும் கையை வெளியே எடுக்கவில்லை. என் விரல்கள் சட்டென்று பதிந்துவிட்டன. இவர் இடது கையைக் கண்ணாடியில் வைத்தால் மெஷினில் ஒரு கோடுகூட விழவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள், விரலைத் துடைத்துப் பார்த்தாள், பிறகு கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தா ஆச்சு அச்சா, தீயில பொள்ளிப்போச்சா என்று பதறிக் கேட்டாள். இந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கிடார் படிக்கறேன் மோளே என்கிறார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. தோல் வளர்ந்து கோடு தெரிந்த பிறகு வேறு நாள் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். தோல் டாக்டரிடம் காட்டினோம், மாதக்கணக்காகும் என்றார். எனக்கு விசா வந்துவிட்டது. நீ பிள்ளை பெறுவதற்குள் அவருக்கு வராது. நான் தனியாகத்தான் வருவேன். விமானத்துக்கு நான் பயப்படவில்லை, சுமாவின் அம்மா இருமுறை போய்வந்தவள், எங்கே எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இனிமேல்தான் சங்கதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னிடம், முட்டுவலி, அத்தனை தூரம் உட்கார்ந்து வர முடியாது என்று சொல்லப் போகிறார். என்னையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பு விஷயம் தெரிந்தால் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்களாம். நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பி நடந்தவர்தானே, இப்போதும் அதே வீம்பு, பேரப்பிள்ளையைப் பார்க்கக்கூட வரவில்லை என்று நினைப்பாய். நினைத்துவிட்டால் நீயும் லேசில் விடுகிறவள் இல்லை, அவர் பெண்தானே. அதனால்தான் அவர் பேச்சை மீறி இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை இன்னொன்றும் நடந்தது. இடது கை விரல்களில் எண்ணெய் போட்டுத் துணி சுற்றி உட்கார்ந்திருந்தவர், சும்மா இருக்கக்கூடாதா, மடியில் கிடாரை வைத்து வலது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். எதையும் அழுத்தாமல் வெறும் கம்பியைத் தட்டினால் எப்படி இருக்கும் தெரியுமா, ஓமனாவின் ஆசாரியே தேவலை. என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே அழுத்தணும் காட்டுங்கள், இந்தச் சத்தமாவது அடங்கட்டும் என்றேன். நான் அழுத்தினேன், அவர் தட்டினார். முதல் தடவையாக இந்த வீட்டில் கிடார் கிடார்போலக் கேட்டது. என் விரல் எரிந்தது, இந்த வலியைப் பொறுத்துக்கொண்டா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார் என்று தோன்றியது, ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்குமேல் ஏறிவிடுவார். தனக்குத் தெரிந்த மூன்று கார்டையும் சொல்லிக் கொடுத்தார். எனக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்டேன். நீ அங்க போயி அமுக்கு, தட்டறத ஜிதின் தட்டட்டும், அவனுக்கு நல்லாத் தெரியும் என்றார். இத்தனை காலத்தில் மாப்பிள்ளையின் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மத்தி அடிப்பிடிக்கிறது என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், மாடிப்படியில் ஓடாதே. ஊறுகாயை ஒரே நாளில் காலி செய்யாதே. சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையுமாக நீங்கள் நூறு வருஷம் வாழ எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர் முட்டுவலி என்றால் எந்த முட்டு என்று கேட்டுவிடாதே, அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, திணறிப்போவார். சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று மட்டும் சொல். அந்த மனிதர் உன் வீட்டுக்கு வர மனமில்லாமல் நிற்கவில்லை அம்மு, உன் பிள்ளை தன் வாசிப்புக்கும் ஒருமுறை உதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால்தான் அவரால் வர முடியவில்லை.

இப்படிக்கு,
விரல் நுனி எரிய எரிய எழுதும் உன் அம்மா,
மூக்கம்மாள்