ஐந்து நட்சத்திரமும் ஒரு கிளிப்பும்

பிப்ரவரி 4, 2025 – செவ்வாய்

காலையில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி. படம் எடுத்து மதுரையில் உள்ள எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஆண்டுதோறும் இதே படம், இதே நான்கு வரி. வடகவுஞ்சிப் பூண்டுச் செய்தி பாதியில் நிற்கிறது.

மாலையில் பெருமாள்மலைக்குக் கீழே விபத்து என்று அழைப்பு வந்தது. போனேன். முன்பக்கம் மடங்கிய சிறிய வெள்ளைக் கார். எண் எனக்குத் தெரிந்த எண்தான். பக்கத்து வீட்டு அடைக்கலத்தின் மகள் பிரின்ஸியின் கார்.

பிப்ரவரி 5 – புதன்

நிதானமாக எழுதிவைக்கிறேன்.

பிரின்ஸி பண்ணைக்காட்டில் ஆசிரியை. நேற்று அங்கே உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த அம்மா கித்தேரியம்மாளையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்திருக்கிறாள். வளைவில் ஒரு பேருந்தை முந்திக்கொண்டு இறங்கிய பெரிய எஸ்யூவி நேராக மோதியது. எஸ்யூவிக்காரருக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிரின்ஸிக்குக் கணுக்காலில் விரிசல், நெஞ்சில் பெல்ட் பதிந்த கன்றல். கித்தேரியம்மாளுக்குக் காறை எலும்பும் தாடையும் உடைந்துவிட்டன. மதுரையில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பல வாரங்களுக்கு வாயைத் திறக்க முடியாது. அவர் பேசாத எங்கள் தெருவை நான் பார்த்ததில்லை.

அடைக்கலம் ஆயுள் முழுக்கச் சுற்றுலா டாக்ஸி ஓட்டியவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

"அஞ்சு நட்சத்திரம்னுதான பாய் அந்த வண்டிய வாங்குனோம். எங்க போச்சு அந்த நட்சத்திரம்?"

மோதல் சோதனையில் அந்த மாடலுக்குக் கிடைத்த பாதுகாப்பு மதிப்பீட்டைச் சொல்கிறார்.

பிப்ரவரி 7 – வெள்ளி

காவல் நிலையத்தில் இரண்டு வண்டிகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. எஸ்யூவிக்கு பம்பரும் ஒரு விளக்கும் போயிருக்கின்றன. சிறிய காரில் எஞ்சின் இருந்த பகுதி அப்பளம்.

ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவை இழுத்தேன். ஒரே கையில் திறந்தது. கூரை வளையவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வளையவில்லை. பிரின்ஸி உட்கார்ந்திருந்த இடம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இரண்டு காற்றுப்பைகளும் விரிந்து தொங்குகின்றன.

அம்மா உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தேன். பெல்ட் இழுபடாமல் மேலே சுருண்டு, கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அதை மாட்டும் பூட்டில் வேறொன்று செருகியிருந்தது. பெல்ட் இல்லாத வெறும் கிளிப். கடைகளில் தொங்குமே, அது. செருகிவிட்டால் பெல்ட் போட்டாயிற்று என்று வண்டி நம்பிக்கொள்ளும். பீப் பீப் என்று கத்தாது.

மலையில் இது புதிதல்ல. ஜீப் காலத்துப் பழக்கம். ஏறினாலும் இறங்கினாலும், வளைவுகள் தொடங்கியதும் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். வண்டி பள்ளத்தில் உருண்டால் குதிக்க வேண்டுமாம். அடைக்கலம் தன் வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். என்னிடமும் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 8 – சனி

அந்தக் கிளிப்பை வாங்கிப் போட்டது யார்? கேட்கத்தான் வேண்டுமா?

பிப்ரவரி 12 – புதன்

அடைக்கலம் ஜீப் வாங்கப் போகிறார். அடுக்கத்தில் ஜெயமுருகன் என்பவரிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறதாம். காற்றுப்பை கிடையாது. பெல்ட் என்று பேருக்கு ஒரு பட்டை.

"அம்புட்டும் இரும்பு பாய். எதுக்க வர்றவன்தான் நொறுங்கணும்" என்றார்.

பிரின்ஸி கால் சரியானதும் அதில்தான் பள்ளிக்குப் போக வேண்டுமாம். இல்லையென்றால் பண்ணைக்காட்டிலேயே அறை எடுத்துத் தங்கட்டும், அதுவும் முடியாதென்றால் வேலையை விடட்டும் என்கிறார். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கவே ஆள் வேண்டியிருக்கும் நேரத்தில் அவள் எங்கே போய்த் தங்குவாள்? வேலையை விட்டால் இனி அப்படியொரு வேலை எப்போது கிடைக்கும்?

மதுரை டெஸ்க்கிலிருந்து ஜெயப்பிரியா பேசினார். ஞாயிறு பக்கத்துக்கு இந்த விபத்தை வைத்து ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பு ஏற்கெனவே தயார்: 'நட்சத்திரங்கள் பொய்யா?' அவகாசம் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17 – திங்கள்

சென்னையில் வாகன மோதல் சோதனைகள் நடத்தும் பொறியாளர் குருநாதன் தொலைபேசியில் கிடைத்தார். பொறுமையானவர். நான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டேன்.

சோதனையில் காரை அசையாத ஒரு தடுப்பின் மேல் மோதவிடுகிறார்கள். அதனால் வண்டி தன் சொந்த எடைக்கு மட்டுமே ஈடுகொடுக்கிறது. தன்னைப் போலவே எடையுள்ள இன்னொரு வண்டியோடு மோதுவதற்கு அது ஏறக்குறையச் சமம். ஆகவே சிறிய காரின் ஐந்தும் பெரிய வண்டியின் ஐந்தும் ஒரே ஐந்து அல்ல. ஒத்த எடையுள்ளவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

எதிரே வருவது இரண்டு மடங்கு எடை என்றால்? இரண்டும் நாற்பது கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சிறியது நிற்பதோடு முடியாது, பின்னுக்குத் தள்ளப்படும். அதில் இருப்பவர் ஒரு நொடிக்குள் தாங்க வேண்டிய வேக மாற்றம் ஐம்பத்து மூன்று கிலோமீட்டர்; பெரியதில் இருப்பவருக்கு இருபத்தேழு.

அப்படியானால் அடைக்கலம் சொல்வது சரிதானே என்றேன். பாதி சரி என்றார். பாறையில் மோதினால், மரத்தில் மோதினால், பள்ளத்தில் உருண்டால், கனமான வண்டி தன் கனத்தையும் கூடவே கொண்டுபோகும். ஆள் இருக்கும் கூண்டு வலுவாக இல்லையென்றால் அந்தக் கனமே ஆளை நசுக்கும். காற்றுப்பையும் பெல்ட் போட்டவருக்காக வடிவமைத்தது. போடாதவர், அது விரியும் நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க மாட்டார்.

கிளிப்பைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 22 – சனி

பிரின்ஸியே பேச்சை எடுத்தாள். நான் வண்டியைப் பார்க்கப் போனது அவளுக்குத் தெரியும்.

"அப்பாதான் மாமா வாங்கிப் போட்டாரு. அந்தச் சத்தம் அம்மாவுக்குத் தலைவலின்னு. அவர்கிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்க. நட்சத்திரத்தையே திட்டிக்கிட்டு கெடக்கட்டும்."

ஜீப்பை என்ன செய்வாய் என்றேன். ஓட்டிக்கிறேன் என்றாள்.

என்ன புள்ள இது. அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு அந்த இரும்புப் பெட்டியில ஏறி உட்காருவேங்குது. நான் பேசினால் அவர் உடைவார். பேசாவிட்டால்? — இவள் தினமும் அதில் போய் வருவாள்.

மார்ச் 4 – செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. கித்தேரியம்மாள் வீட்டுக்கு வந்தாயிற்று. என் மனைவி ரோஷன் நோன்புக் கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டி எடுத்துப் போகிறாள். அவர் ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறார். இன்று உப்பு குறைவு என்று கையால் ஜாடை காட்டினாராம். வாயைக் கட்டினாலும் குறை சொல்வதைக் கட்ட முடியவில்லை என்று ரோஷனுக்கு ஒரே சிரிப்பு.

மார்ச் 9 – ஞாயிறு

அடைக்கலத்தோடு அடுக்கத்துக்குப் போனேன். ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். எடையைப் பற்றி அறிந்துகொண்டதைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை: இரண்டு வண்டி மோதினால் கனமானதுதான் ஜெயிக்கும். ஆனால் நம் மலையில் எதிரே வருவது வண்டி மட்டுமா? பாறை ஒதுங்கி வழிவிடாதே?

கேட்டுக்கொண்டே நின்றவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து பானெட்டின் மேல் வைத்தார். அந்தக் கிளிப்.

"நீங்க ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போன மறுநாளே போயி எடுத்துட்டேன். நீங்க பாத்துருப்பீங்கன்னு தெரியும். பாக்காம வர்ற ஆளா நீங்க?"

"நட்சத்திரத்தத் திட்டலேன்னா நான் யாரத் திட்டுறது, சொல்லுங்க."

பானெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கிளிப்பை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். இருந்தும் ஜீப் வேண்டும் என்கிறார். உருண்டால் குதிக்கவாவது முடியுமாம். கிளிப்பைத் தன் குற்றம் என்று ஒத்துக்கொள்கிற மனிதருக்கு, அதைப் போடவைத்த நம்பிக்கை மட்டும் அசையவே இல்லை. அடுத்த வாரம் வண்டி வருகிறது.

மார்ச் 18 – செவ்வாய்

நேற்று மதுரையில் கம்பியை எடுத்துவிட்டார்கள். இன்று பின்னேரம் நானும் ரோஷனும் பார்க்கப் போனோம். வாசலில் ஜீப் நிற்கிறது. நேற்றிலிருந்து கித்தேரியம்மாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றாள் பிரின்ஸி. வலிக்கிறதோ என்று அவளுக்குப் பயம்.

ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இறுகிய தாடையை மெல்ல அசைத்து, புருஷன் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டு வருசமா ஒங்க வண்டியில போயிருக்கேன். ஒரு தடவையாச்சும் யாராவது குதிச்சிருக்காங்களா?"

அடைக்கலம் உண்மையாகவே நினைத்துப் பார்த்தார். தான் ஓட்டிய வண்டிகள், பார்த்த விபத்துகள், கேள்விப்பட்டவை எல்லாவற்றையும். எங்களுக்கெல்லாம் அது தெரிந்தது.

"இல்ல" என்றார்.

"பெறகு என்னத்துக்குக் கழட்டுனோம்?"

கழட்டச் சொன்னீங்க என்று சொல்லவில்லை. கழட்டுனோம் என்றார். அடைக்கலம் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

கித்தேரியம்மாள் ரோஷனிடம் திரும்பி, கஞ்சி போதும், நாளைக்குக் கறி எடுத்துட்டு வா என்றார்.

மார்ச் 19 – புதன்

ஜீப் அடுக்கத்துக்கே திரும்பிப் போயிற்று.

மார்ச் 23 – ஞாயிறு

கட்டுரை வந்திருக்கிறது. யார் பெயரும் இல்லை. தலைப்பு நான் கேட்டதுதான்: 'நட்சத்திரம் எதைச் சொல்கிறது?' ஜெயப்பிரியாவுக்கு அது சப்பென்று இருந்ததாம்; ஆனாலும் மாற்றவில்லை. கிளிப்புக்கும் குதிப்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். அதை அடைக்கலம் டாக்ஸி ஸ்டாண்டில் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். யாரோ கேலி செய்திருக்கிறார்கள். அவர் முழுக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம்.

ஏப்ரல் 26 – சனி

கித்தேரியம்மாளுக்கு மதுரையில் கடைசிப் பரிசோதனை. எனக்கும் அங்கே அலுவலகத்தில் சோலி இருந்ததால் கூடவே போனேன். காப்பீட்டில் வாங்கிய கார். பழையதன் அதே மாடல், அதே எடை, நிறம் மட்டும் நீலம். பிரின்ஸி ஓட்டினாள். அம்மா முன்னால், அடைக்கலமும் நானும் பின்னால்.

பெருமாள்மலை தாண்டி அந்த வளைவு. கீழேயிருந்து சரக்கு லாரி ஒன்று முக்கி முக்கி ஏறி வந்தது. பிரின்ஸி முன்கூட்டியே ஓரத்தில் நிறுத்தி வழிவிட்டாள். லாரி உரசுவதுபோல் கடந்து போனது.

காரை மறுபடி எடுத்ததும் உள்ளே பீப் பீப் என்று சத்தம் வந்தது. "யாரு அது?" என்றார் கித்தேரியம்மாள், திரும்பாமல். பிரின்ஸி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நிருபர் பழக்கத்தில் லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்க்க நான்தான் பெல்ட்டைக் கழற்றி எட்டிப் பார்த்திருந்தேன்.

அடைக்கலம் என் பக்கம் சாய்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.