சி டிரைவில் ஒன்றுமில்லை என்று சொன்னேன்

என் தங்கமே சகாயம்,

உன் கம்ப்யூட்டர் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பட்டனை அமுக்கினால் ஒரு நிமிடத்தில் திரை வந்துவிடுகிறது, முன்பைவிட வேகமாகவே. எனக்குத்தான் அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. குவைத்திலிருந்து வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம், ரோட்டில் அடிபட்ட முகம், அம்மா தாங்கமாட்டாங்க என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அதனால் உன் அம்மாவுக்குப் பேசிச் சிரிக்கிற உன் முகம் என்று மிஞ்சியது அந்த நான்கு நிமிட வீடியோதான். கடைசி லீவில் வந்தபோது, கம்ப்யூட்டருக்கு வாங்கிவந்த கேமராவைச் சோதிக்கிறேன் என்று உன்னையே எடுத்தாயே, அது. அடுப்படியிலிருந்து அவள், "தோசை ஆறுது, வாடா" என்று கத்துவாள். "இரும்மா, ஹீரோ பேசிக்கிட்டிருக்கேன்ல" என்று நீ சிரிப்பாய். தினமும் ஜெபமாலை முடிந்ததும் அவளுக்கு அதைப் பார்த்தாக வேண்டும். திரை வந்ததும் கண்ணெதிரிலேயே இருக்கும், அவளே அமுக்கிக்கொள்வாள்.

போன மாதம் ஒரு நாள் திரை வரவில்லை. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மூன்று தடவை பீப் என்று கத்துகிறது, அவ்வளவுதான். முப்பது வருஷமாகப் பட்டுக்கோட்டையில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். இந்தச் சத்தம் எனக்குப் பிடிபடவில்லை.

முன்பு ஒருமுறை நீ போனில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ஒயரைப் பிடுங்கினேன். பக்கத் தகட்டைக் கழற்றி, ரேம் என்கிற சின்ன மெமரி அட்டையை எடுத்து, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். பீப் நின்றது. திரையில் எழுத்து வந்தது. உன் அம்மா கைகூப்பினாள். பாதி வந்ததும் தானாக அணைந்தது. மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. பகல் முழுக்க இதே கூத்து. ஆத்திரத்தில் ஒரு தட்டுக்கூடத் தட்டினேன். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாய், இல்லையா?

மறுநாள் பாரூக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உன்னோடு பத்தாவது படித்தவன், இப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். உன்னைப் போலவே அவனும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.

"உள்ள இருக்கிற சாஃப்ட்வேர் அடிபட்டிருச்சுப்பா. அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் ஓடும். சி டிரைவ்ல முக்கியமா ஏதாச்சும் இருக்கா?"

"அதுல ஒண்ணுமில்ல, நீ போடுப்பா" என்றேன்.

முக்கியமானது எதையும் சி டிரைவில் வைக்காதீர்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். நான் எதையும் வைக்கவில்லை. திரையில் கண்ணெதிரே தெரிவதெல்லாம் அந்த சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை, அப்படி எழுதுவது தப்பு. நான் கேட்கவில்லை. சி டிரைவ் என்றால் என்னப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடையில் நாலு பேர் நின்றார்கள். மோட்டார்காரருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைப்பார்களோ என்று வாய் முந்திக்கொண்டது.

புதுத் திரை வந்தது. நீ இருந்த இடம் காலியாக இருந்தது. "இங்க ஒரு வீடியோ இருக்குமே" என்று விரலை வைத்துக் காட்டினேன். பாரூக் என் விரலையே பார்த்தான். "கேட்டேனேப்பா" என்றான். கேட்டான், பாவம். வேறு வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு இரண்டு நாள் என்னென்னவோ போட்டுத் தேடினான். வீடியோவின் பெயர் மட்டும் அகப்பட்டது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அவனும் அழுதான்.

வீட்டுக்கு எடுத்துப்போக மனம் வரவில்லை. என் பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து ஸ்பேர் வர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். மூன்று வாரமாக அதே பொய். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவள் போடுகிற சோற்றை எப்படித்தான் சாப்பிடுகிறேனோ?

நேற்று குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்த ஸ்பேர் எப்பங்க வரும்?"

"வரும், வரும்."

"சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க. அவன் குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது. ஹீரோன்னு சொல்லிட்டுச் சிரிப்பானே, அது எப்படி இருக்கும்? நீங்க ஒருதரம் சொல்லிக் காட்டுங்களேன்."

சொல்லிக் காட்டினேன், சகாயம். என் தொண்டையிலிருந்து என் குரல்தான் வந்தது. அவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அப்படி இல்லங்க" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

நாளைக் காலைப் பூசை முடிந்து வந்ததும் அவளிடம் சொல்லிவிடுகிறேன். பாரூக் மேல் பழி போட மாட்டேன், மெஷின் மேலும் போட மாட்டேன். அவள் அழட்டும், என்னை அடிக்கட்டும், சாகும்வரை என்னோடு பேசாமல் இருக்கட்டும். வராத ஒன்றுக்காக அவளை இன்னும் ஒரு நாள் காக்க வைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரியாத
உன் அப்பா