இறக்காத தேயிலை

அன்புள்ள தபீத்தா, சுகமா? அம்மாவுக்கு இருமல் தணிந்ததா? செவலைப் பசு இன்னும் வேலி தாண்டுகிறதா? அது உன் தம்பி புத்தி, திருத்த முடியாது.

பாஸ்டன் துறைமுகத்தில் நான் சௌக்கியம். வேலைதான் இல்லை, கவலைப்படாதே. தேயிலைக் கப்பல் வந்து நிற்கிறது. சுமை தூக்கும் நாங்கள் இறக்க மாட்டோம் என்றுவிட்டோம்.

தேயிலைக் கம்பெனி ஆள் வந்தான். "விலையைக் குறைச்சுத்தானே விக்கிறோம், எதுக்குய்யா மொறைக்கிறீங்க?"

எங்கள் மேஸ்திரி ஒபதியா சிரித்தார். "எலிப்பொறியில பாலாடைக்கட்டி சும்மாவேதான்யா கிடைக்குது. எங்களைக் கேக்காம கடலுக்கு அந்தப்பக்கம் சர்க்கார் போட்ட வரியும் அந்த விலையிலதான் இருக்கு. நீங்க மட்டுந்தான் விக்கலாம்னா, மத்தக் கடையெல்லாம் மூடினப்புறம் விலை சொல்றது யாரு?"

"இறக்காதவனுக்கு இந்தத் துறையில இனி வேலையே கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி ஆள் போய்விட்டான்.

நீ கேட்ட தேயிலையை வாங்கவில்லை, கோபிக்காதே. அதற்குப் பதிலாக நானும் கொதிக்கவைத்துக் குடிக்கக் காய்ந்த புதினாவும், கம்பளிக் காலுறையும் அனுப்பு. எதிரில் ஆளில்லாமல் குடித்தால் எதுவும் இறங்குவதில்லை. உட்காரவும் முடியாமல் சன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். ஊருக்கே வந்துவிடலாமா என்றுகூட

இதோ, தெருவில் ஒபதியா கத்துகிறார். "ஏய் ஏனோக்! பட்டாளத்தை வச்சு இறக்கப் போறாங்களாம், வாடா!"

தபீத்தா, பயப்படாதே, சும்மா நிற்கத்தான் போகிறேன். நான் மட்டும் போகாமல் இருந்தால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி