மலை உச்சியில் கழற்றிய ஷூ

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

ஸ்காட்லாந்தில் இப்போது இலையெல்லாம் பழுத்துக் கொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகளோடு மலை ஏறினேன். அடுத்தடுத்து நான்கு உச்சிகள், எல்லாமே செங்குத்து. முதல் உச்சியில் கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். பார்த்ததும், கோயிலுக்கு வந்த நினைப்பில் ஷூவைக் கழற்றிவிட்டேன். சாக்ஸ் நனைந்துபோய், கடைசி மலை இறங்குவதற்குள் குதிகாலில் கொப்புளம். பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

சிரிக்காதீர்கள், கழற்றிய ஷூவோடு உங்களைத்தான் தேடினேன். மயிலம் கோயில் மலையடியில் ஒவ்வொரு தடவையும், "நீங்க போய்க்கினு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கினு இருக்கேன்" என்று நின்றுவிடுவீர்களே.

கூட வந்த ஃபியோனா, "யாரைத் தேடுற?" என்றாள்.

"யாருமில்ல" என்றேன்.

நம் கிளியனூர் மல்லாட்டையைக் கொஞ்சம் வறுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் மண் வாசனையே இல்லை.

டூட்டிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. தை மாதம் ஊருக்கு வருவேன். இந்தத் தடவை மயிலத்தில் செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மெதுவாக ஏறிவிட்டு வாருங்கள்.

உங்கள் மகள்,
வளர்மதி