ஈக்களின் மூளை பார்த்தவளுக்கு

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு தள்ளுவண்டி. கனிந்து கறுத்த வாழைப்பழங்களின் மேல் பொடி ஈக்கள் சுற்றின. கடைக்காரர் துண்டை வீசி விரட்டினார். "இருக்கட்டும் விடுங்க, அதுங்க மூளையைப் படிச்சது எங்க வீட்டுப் பொண்ணு," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பாப்பா.

நான் எட்டாவது ஃபெயில். ஆனாலும் என் அக்கா மகள் நீ சொன்ன பாடத்தை பீன்யாவில் எங்கள் ஃபேக்டரி முழுக்க நடத்திவிட்டேன். ஆணோடு சேர்ந்ததும் பெண் ஈ ஆளே மாறிப்போகும். அடுத்த ஆண் நெருங்கினால் உதைக்கும், முட்டையிட இடம் தேடும். ஆணிடமிருந்து வரும் ஒரு பொருள் கர்ப்பப்பை நரம்பை அடக்கிவிடுகிறது, அந்தச் சேதி மூளைக்குப் போய்த்தான் இத்தனையும் நடக்கிறது என்றாய். "அடங்கின நரம்பை மறுபடி எழுப்பிவிட்டா?" என்று கேட்டேன். உங்கள் புரொபசரே அசந்துபோயிருப்பார். "பழையபடி ஆயிடும் மாமா. அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்," என்று சிரித்தாய்.

கல்யாணமானதும் உன்னை ஹெப்பகோடியில் மாமியார் வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். போனில் உன் குரல் சுருங்கியிருந்தது. "வேலை பாதியில நிக்குது மாமா," என்றாய். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"ஈ பார்க்கவா மருமகளை அனுப்பணும்? கல்யாணம் ஆனா புத்தி தன்னால வீட்டுப் பக்கம் திரும்பணும்," என்றார் உன் மாமியார்.

"சம்மந்தியம்மா, இது டெல்லி சமாச்சாரம். இவ நிறுத்தினா பெரிய ஆபீசருங்க உங்க வாசலுக்கு ஜீப்புல வருவாங்க."

நீ குனிந்து சிரிப்பை அடக்கினாய். திங்கட்கிழமையே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாய்.

ஒரு வருஷம் போனாய். பிறகு டெங்கு.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். "அந்த ஈதான் கொன்னுடுச்சு. டெல்லிக்காரங்க வருவாங்கன்னீங்களே அண்ணே, எங்க, ஒருத்தரையும் காணோம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் மாமியார். ஈ இல்லை, கொசு என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "அவளுக்குப் பிடிச்சிருந்துச்சும்மா. அதான் போனா," என்றேன்.

அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எடுபட்டிருக்காது. நாளைக்கு வேறு யார் வீட்டுப் பெண்ணுக்காகப் போய் நின்றாலும் டெல்லி என்றுதான் சொல்வேன். ஜீப்பை இரண்டாக்குவேன். உன் வேலை முடிந்ததா என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.