கடைசி ஆள் நான் இல்லை

ஏப்ரல் 27, ஞாயிறு இரவு

அந்த அறிவிப்பாளரை நினைக்க இப்பவும் எரிச்சல் வருது.

மூண்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் எங்கட அக்கராயன் ஊர்ச் சைக்கிள் ஓட்டப் போட்டியில ஓடினனான். குளக்கட்டு வளைவில மாடு குறுக்க வந்து, விழுந்து தோள் எலும்பு முறிஞ்சதுக்குப் பிறகு இதுதான் முதல் ஓட்டம். நேற்று முழுக்க அந்த வளைவுதான் கண்ணுக்குள்ள நிண்டது.

வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்தில ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ எனக்குப் பின்னால வந்து ஒட்டிக்கொண்டுது. “இரண்டு பிள்ளைகளின் தாய், கடைசியாக வந்தாலும் மனம் தளராமல் ஓடுகிறார், உங்கள் கரகோசங்களை வழங்குங்கள்” எண்டு அதில இருந்த அறிவிப்பாளன் ஊருக்கே கேட்கக் கத்திக்கொண்டு வாறான். நான் கடைசி இல்லை. ஓட்டோவுக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேர் வந்தவை. திரும்பிச் சொல்ல மூச்சு இல்லை. அவன்ர சத்தத்தில இருந்து தப்பினால் போதும் எண்டு மிதிச்சன். ஆறாவதா வந்தன்.

வீட்டை வந்து தேத்தண்ணி குடிக்கேக்க இவர் கேட்டார்.

“வளைவில நான் நிண்டதைக் கண்டனீரோ? பேர் சொல்லிக் கூப்பிட்டனான்.”

“எந்த வளைவில?” எண்டன்.

“குளக்கட்டு வளைவில” எண்டு சொல்லி இவர் என்னைப் பார்த்தார். அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. அந்த வளைவு எப்ப வந்தது, எப்ப போனது எண்டே எனக்குத் தெரியாது.

ஓட்டத்துக்காகப் பாரம் குறையக் கழட்டின சைக்கிள் கரியரை இவர் இப்ப பூட்டிக்கொண்டிருக்கிறார். காலமை மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போக வேணும். அடுத்த ஓட்டத்துக்குத் திரும்பக் கழட்ட வேணும், நட்டை வலுவா இறுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்து படுத்திருக்கிறன்.